வேகமாக ஓடிய கார் ஏன் தோற்றது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். அமெரிக்க டிராக் ரேஸ் (இரண்டு கார்கள் நேர்ப்பாதையில் மோதும் குறுந்தூரப் பந்தயம்) வீடியோ ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள். பலகையில் இடப்பக்கக் காருக்கு 9.842 வினாடி, வலப்பக்கக் காருக்கு 9.801 வினாடி. ஆனால் வெற்றி விளக்கு எரிந்தது இடப்பக்கத்தில். டைமர் கெட்டுப்போச்சா, இல்லை ஏதாவது பெனால்டி போட்டார்களா என்று கேட்கிறீர்கள். கூடவே, நடுவில் நிற்கும் அந்த விளக்குக் கம்பம் எப்படி வேலை செய்கிறது, பயிற்சி செய்தால் 0.000 என்ற ரியாக்‌ஷன் டைமை அடிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். டைமர் சரியாகத்தான் இருக்கிறது, பெனால்டியும் கிடையாது. பலகையில் நீங்கள் பார்த்த அந்த நேரம் பச்சை விளக்கு எரிந்ததும் ஓடத் தொடங்குவதில்லை. காரின் முன்சக்கரம் ஸ்டார்ட் கோட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

விரிவாகச் சொல்வதற்கு முன், நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களாக வார இறுதிகளில் உள்ளூர் டிராக் ஸ்ட்ரிப்பில், அதாவது பந்தயப் பாதையில், பிராக்கெட் ரேஸ் (அது என்ன என்பது கீழே வரும்) ஓடுகிறேன். ஆள் குறைவான நாட்களில் டைமிங் டவரில் உட்கார்ந்து உதவியும் செய்திருக்கிறேன். ஆகவே சாதாரண கார், 10 முதல் 15 வினாடி ஓடும் கார், இவற்றின் ஸ்டார்ட் பற்றி அனுபவத்திலிருந்து பேச முடியும். டாப் ஃப்யூயல் மாதிரி ராட்சச வண்டிகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் விதிமுறையையும் கணக்கையும் வைத்துத்தான்.

விளக்கை அப்புறம் பார்க்கலாம், முதலில் தரையைப் பாருங்கள். ஸ்டார்ட் கோட்டில் ஒவ்வொரு லேனுக்கும் குறுக்கே, தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை அங்குல உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் போகின்றன. ஒரு பக்கம் அனுப்பும் கருவி, எதிர்ப்பக்கம் வாங்கும் கருவி. முதல் கதிருக்கு ப்ரீ-ஸ்டேஜ் என்று பெயர். அதைத் தாண்டி 7 அங்குலத்தில் இருப்பது ஸ்டேஜ். முன்சக்கரம் முதல் கதிரை மறைத்ததும் கம்பத்தின் உச்சியில் ப்ரீ-ஸ்டேஜ் விளக்கு எரியும். இன்னும் ஊர்ந்து இரண்டாவதையும் மறைத்தால் ஸ்டேஜ் விளக்கு எரியும். அவ்வளவுதான், நீங்கள் ரெடி.

வீடியோவில் கார்கள் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து சும்மா நிற்பது போலத் தெரிகிற அந்தச் சில வினாடிகளில் ஓட்டுநருக்கு இருக்கும் வேலை கொஞ்சநஞ்சமில்லை. முதல் விளக்கு எரிந்ததும் காரை நிறுத்தி, என்ஜின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றுவோம். இடது கால் பிரேக்கில் இருக்கும். அதை ஒரு நூல் அளவு தளர்த்தினால் கார் ஒரு அங்குலம் நகரும். உடனே அழுத்த வேண்டும். மறுபடி தளர்த்து, மறுபடி அழுத்து. ஸ்டேஜ் விளக்கு லேசாக மினுக்கி எரியும் அந்தக் கணத்தில் கார் அப்படியே நிற்க வேண்டும். ஒவ்வொரு ரேஸிலும் அதே இடத்தில், அரை அங்குலம்கூட முன்னே பின்னே போகாமல் நிறுத்தப் பழகுவதற்கே ஒரு சீசன் ஆகிவிடும். ஏன் இவ்வளவு நுணுக்கம் என்பது கீழே வரும். இருவரும் ப்ரீ-ஸ்டேஜ் செய்யும்வரை யாரும் முழுதாக ஸ்டேஜ் செய்யாமல் காத்திருப்பது ஒரு மரியாதை. விளக்குகளைத் தானே தொடங்கிவைக்கும் ஆட்டோஸ்டார்ட் கருவி இருக்கும் களத்தில் ஒருவர் ஸ்டேஜ் செய்துவிட்டால், மற்றவர் சில வினாடிகளுக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் அவருக்குச் சிவப்பு விளக்குதான்.

இருவரும் ஸ்டேஜ் ஆன பிறகு பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் அலுவலர் (ஸ்டார்டர்) ஒரு பொத்தானை அழுத்துவார், அல்லது கருவி தானே தொடங்கிவிடும். இதில் இரண்டு முறை உண்டு. ஃபுல் ட்ரீ என்றால் மூன்று மஞ்சள் விளக்குகள் மேலிருந்து கீழாக, அரை வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரியும். கடைசி மஞ்சளுக்கு அரை வினாடி கழித்துப் பச்சை. ப்ரோ ட்ரீ என்றால் மூன்று மஞ்சளும் ஒரேயடியாக எரிந்து, 0.4 வினாடியில் பச்சை வரும். தொழில்முறைப் பந்தயங்களில் ப்ரோ ட்ரீ, உள்ளூர் பிராக்கெட் பந்தயங்களில் பெரும்பாலும் ஃபுல் ட்ரீ. பச்சைக்கு முன்பே கிளம்பினால் அதற்குக் கீழே இருக்கும் சிவப்பு எரியும், ஆட்டம் முடிந்தது.

இந்தக் கம்பம் ஆரம்பத்திலிருந்தே இருந்ததில்லை. வாலி பார்க்ஸ் 1951-இல் என்.எச்.ஆர்.ஏ. என்ற அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பைத் தொடங்கிய காலத்தில் இரண்டு கார்களுக்கும் நடுவில் கொடியோடு ஒருவர் நிற்பார். அவர் துள்ளிக் கொடியைத் தூக்கினால் பந்தயம். சாமர்த்தியமான ஓட்டுநர்கள் கொடியைப் பார்க்கவே மாட்டார்கள். அவருடைய தோளையும் முழங்காலையும் பார்த்து, கொடி எழும் முன்பே கிளம்பிவிடுவார்கள். யார் முதலில் கிளம்பினார், யார் ஏமாற்றினார் என்று சண்டை ஓயாது. 1963-இல் இண்டியானாபோலிஸில் நடந்த யு.எஸ். நேஷனல்ஸ் பந்தயத்தில்தான் விளக்குக் கம்பம் பெரிய அளவில் வந்தது. வண்ண விளக்குகளைப் பார்த்து கிறிஸ்துமஸ் ட்ரீ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு வெறும் ட்ரீ. அப்போது மஞ்சள் விளக்குகள் ஐந்து இருந்தன, பிறகுதான் மூன்றாகக் குறைந்தன. கொடிக்காரரோடு சண்டை போடலாம், கம்பத்தோடு போட முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே அது நிலைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் வீடியோவுக்கு வருவோம். ஒவ்வொரு லேனிலும் இரண்டு அளவுகள் எடுக்கிறார்கள். பச்சை எரிந்த கணத்திலிருந்து, உங்கள் முன்சக்கரம் ஸ்டேஜ் கதிரை விட்டு முழுதாக விலகும் கணம் வரை உள்ளது ரியாக்‌ஷன் டைம். அந்த விலகலில் தொடங்கி, முடிவுக் கோட்டைத் தாண்டும் வரை உள்ளது ஈ.டி., அதாவது ஓட்ட நேரம். பலகையில் பெரிதாகப் போடுவது ஈ.டி.யை. ஆனால் யார் முதலில் கோட்டைத் தொட்டார் என்பதைத் தீர்மானிப்பது இரண்டின் கூட்டுத்தொகை. உங்கள் வீடியோவில் ரியாக்‌ஷன் டைம் என்ன வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு கணக்குக்காக, இடப்பக்க ஓட்டுநர் 0.031, வலப்பக்க ஓட்டுநர் 0.094 என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் 9.842 கூட்டல் 0.031, மொத்தம் 9.873. வலப்பக்கம் 9.801 கூட்டல் 0.094, மொத்தம் 9.895. வலப்பக்கக் கார் வேகமான கார்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அது தூங்கி எழுந்து கிளம்பியதால் 0.022 வினாடி தாமதமாக வந்தது. அந்தக் கார்கள் கோட்டைத் தாண்டும் வேகத்தில் அது ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இப்படி ஸ்டார்ட்டிலேயே ஜெயிப்பதை ஹோல்ஷாட் என்பார்கள். வேகமான காரை மெதுவான காரால் ஹோல்ஷாட்டில் ஜெயித்தவர் அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே திரிவார். தோற்றவர் பேசமாட்டார்.

ஏன் இப்படிப் பிரித்து வைத்தார்கள் என்று கேட்கலாம். கார் எவ்வளவு நன்றாக ஓடியது என்று தெரிய வேண்டும், ஓட்டுநர் எவ்வளவு சுறுசுறுப்பு என்றும் தெரிய வேண்டும். இரண்டையும் கலந்தால் மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியாது. பச்சை வந்து ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்பினாலும் உங்கள் ஈ.டி. அதே எண்தான் வரும். சோதனை ஓட்டம் ஓடுபவர்கள் ரியாக்‌ஷன் டைமைக் கண்டுகொள்ளாமல் நிதானமாகக் கிளம்புவது இதனால்தான்.

இனி அந்த அரை அங்குல விஷயம். முன்சக்கரம் வட்டமானது. ஒன்றரை அங்குல உயரத்தில் அந்த வட்டத்தைக் குறுக்கே வெட்டினால் எவ்வளவு அகலம் இருக்கும்? 26 அங்குல உயர டயர் என்றால் பள்ளிக்கூட வடிவகணிதப்படி 12 அங்குலத்துக்குச் சற்று மேல். 22 அங்குல டயர் என்றால் 11 அங்குலம். டயரின் முன்விளிம்பு ஸ்டேஜ் கதிரை இப்போதுதான் தொட்டிருக்கிறது என்று வையுங்கள். கார் நகரத் தொடங்கி, டயரின் பின்விளிம்பு கதிரை விட்டு விலகும்வரை, கிட்டத்தட்ட ஒரு அடி தூரம் ஓடியாகிவிடும். அதுவரை ஈ.டி. கடிகாரம் தொடங்காது. இந்த இலவச ஒரு அடிக்கு ரோல்அவுட் என்று பெயர். கடிகாரம் தொடங்கும்போது கார் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கிறது. சுமாரான கார் ஒன்று அரை ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி) வேகமாற்றத்தில் கிளம்பினால், அந்த ஒரு அடிக்கு 0.35 வினாடி ஆகும். நான்கு ஜி-யில் கிளம்பும் ராட்சச காருக்கு 0.12 வினாடிதான்.

கார் விளம்பரம் பார்ப்பவர்களுக்கு இது வேறொரு இடத்திலும் உதவும். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் பூஜ்யத்திலிருந்து 60 மைல் வேகத்துக்கு 1.99 வினாடி என்று அறிவித்தபோது, பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு அடி ரோல்அவுட் கழித்தது என்று போட்டிருந்தார்கள். அதாவது பூஜ்யத்திலிருந்து அல்ல, ஒரு அடி ஓடிய பிறகு. அமெரிக்கக் கார் பத்திரிகைகள் பலவும் இப்படித்தான் அளக்கின்றன. டிராக் ஸ்ட்ரிப்பில் பிறந்த பழக்கம் அது. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு பத்திரிகைகளின் எண்களை ஒப்பிடும்போது ஒருவர் கழித்திருக்கிறாரா, மற்றவர் கழிக்கவில்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்து ரியாக்‌ஷன் டைமைப் பிரித்துப் பார்த்தால், அதில் மூன்று பங்கு இருக்கிறது. விளக்கைப் பார்த்து கால் அல்லது கை அசைய மனிதருக்கு ஆகும் நேரம், சுமார் 0.2 வினாடி. பிறகு த்ராட்டில், கிளட்ச், கியர்பாக்ஸ், ஸ்பிரிங் எல்லாம் இறுகி கார் அசைய ஆகும் நேரம். பிறகு அந்த ஒரு அடியைக் கடக்க ஆகும் நேரம். ஓரளவு வேகமாகக் கிளம்பும் காருக்குக் கடைசி இரண்டையும் சேர்த்து 0.35 என்று தோராயமாக வைத்தால், மொத்தம் 0.55. பச்சையைப் பார்த்துக் கிளம்பும் புதியவருக்கு டைம்ஸ்லிப்பில் (ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டில்) 0.55, 0.6 என்று வருவது இதனால்தான். அவர் மந்தமானவர் அல்ல, தவறான விளக்கைப் பார்க்கிறார். ஃபுல் ட்ரீயில் கடைசி மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே சரியாக 0.5 வினாடி. ஆகவே அனுபவசாலிகள் கடைசி மஞ்சள் எரிந்ததும் கிளம்பிவிடுவார்கள், 0.55-இல் 0.5 போக 0.05 மிஞ்சும். பச்சையை நாங்கள் பார்ப்பதே இல்லை. அது எரியும்போது கவனம் வேறெங்கோ இருக்கும்.

ஓட்டப்பந்தய ரசிகர்களுக்கு இது அநியாயமாகப் படலாம். தடகளத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்கு 0.1 வினாடிக்குள் அசைந்தாலே ஃபவுல். 2022 யூஜீன் உலகப் போட்டியில் 110 மீட்டர் தடை ஓட்ட இறுதியில் டெவன் ஆலன் 0.099 என்பதற்காக வெளியேற்றப்பட்டார். டிராக் ரேஸில் அப்படிக் கீழ்வரம்பு கிடையாது. 0.000 என்றால் தலைசிறந்த ஸ்டார்ட். மைனஸ் 0.001 என்றால் சிவப்பு. மஞ்சள் விளக்குகள் பச்சை எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதால், இங்கே முன்கூட்டிக் கணிப்பது குற்றமல்ல, அதுதான் ஆட்டமே. (பழைய டைம்ஸ்லிப் ஏதாவது கையில் கிடைத்து, அதில் 0.500 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம். முன்பெல்லாம் கடைசி மஞ்சளிலிருந்தே எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் ஃபுல் ட்ரீயில் 0.500-உம் ப்ரோ ட்ரீயில் 0.400-உம் தான் இன்றைய பூஜ்யம்.)

டீப் ஸ்டேஜிங் என்று ஒரு தந்திரம் உண்டு, இதைப் பற்றித்தான் குழப்பம் அதிகம். ஸ்டேஜ் விளக்கு எரிந்த பிறகும் இன்னும் முன்னே ஊர்ந்தால், டயர் முதல் கதிரைத் தாண்டிவிடும், ப்ரீ-ஸ்டேஜ் விளக்கு அணைந்துவிடும். இப்போது இலவச ஒரு அடியில் 5 அங்குலம் செலவாகி, 7 அங்குலம்தான் பாக்கி. டயர் கதிரை விட்டுச் சீக்கிரம் விலகும், ரியாக்‌ஷன் டைம் நன்றாக வரும். மேலே சொன்ன அரை ஜி காருக்குச் சுமார் 0.08 வினாடி குறையும். அடடா என்று தோன்றும். ஆனால் கடிகாரம் தொடங்கும்போது கார் அவ்வளவு வேகம் பிடித்திருக்காது, ஆகவே ஈ.டி. ஏறக்குறைய அதே அளவு கூடிவிடும். கூட்டுத்தொகையில் மிஞ்சும் லாபம், கார் 5 அங்குலம் முன்னால் நின்றது மட்டும்தான். கோட்டைத் தாண்டும்போது அது சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி. இந்தக் கணக்கில் சந்தேகமில்லை. அப்படியானால் ஏன் செய்கிறார்கள்? பிராக்கெட் ரேஸில் ஈ.டி. கூடினால் நஷ்டமில்லை, அதை முன்கூட்டியே அறிவித்துவிடலாம். ரியாக்‌ஷன் டைம் லாபம் முழுதாகக் கையில் நிற்கும். நேருக்கு நேர் பந்தயத்தில் இதனால் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. இல்லை, எதிராளியின் மனதைக் கலைக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த வாதத்தை எண்ணால் நிரூபிக்க முடியாது. சில வகைகளில் டீப் ஸ்டேஜிங்குக்குத் தடையும் இருக்கிறது.

பிராக்கெட் ரேஸ் என்றேன், அதைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான். உங்களுடைய வீட்டுக் காரும் பத்து லட்சம் செலவழித்த காரும் ஒன்றோடொன்று மோதும் பந்தயம் அது. ஓடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் கார் எவ்வளவு நேரத்தில் ஓடும் என்று கண்ணாடியில் வெள்ளை எழுத்தில் எழுதுவார்கள், அது டயல்-இன். ஒருவர் 14.20, மற்றவர் 11.70 என்று வையுங்கள். மெதுவான காருக்கு 2.50 வினாடி முன்னதாகவே பச்சை வரும். இருவரும் தங்கள் டயல்-இன்னைத் துல்லியமாக ஓடி, சமமாகக் கிளம்பினால், கோட்டில் ஒன்றாக வந்து சேர வேண்டும். சொன்னதைவிட வேகமாக ஓடினால் பிரேக்அவுட், தோல்வி. மெதுவான கார் 0.052 ரியாக்‌ஷன், 14.236 ஓட்டம், சொன்னதைவிட 0.036 அதிகம். வேகமான கார் 0.021 ரியாக்‌ஷன், 11.688 ஓட்டம், சொன்னதைவிட 0.012 குறைவு. கூட்டிப் பார்த்தால் வேகமான கார்தான் 0.079 வினாடி முன்னால் கோட்டைத் தொடுகிறது. தன் பச்சைக்குப் பிறகு சீக்கிரமாகக் கிளம்பியதும் அதுவே. ஆனாலும் பிரேக்அவுட் ஆனதால் ஜெயித்தது மெதுவான கார். வேகமான காரின் ஓட்டுநர் கோட்டுக்குச் சற்று முன்னால் லேசாகப் பிரேக் அடித்திருந்தால் ஜெயித்திருப்பார். பிராக்கெட்டில் கெட்டிக்காரர்கள் கழுத்தைத் திருப்பி எதிராளியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது இதற்காகத்தான்.

இரண்டு பேரும் தவறு செய்தால்? இருவரும் பிரேக்அவுட் என்றால் குறைவாக மீறியவர் ஜெயிப்பார். ஒருவர் சிவப்பு, மற்றவர் பிரேக்அவுட் என்றால் சிவப்பு வாங்கியவர் தோற்பார். நடுக்கோட்டைத் தாண்டி அடுத்த லேனுக்குள் போவது சிவப்பைவிடப் பெரிய குற்றம். இருவருமே சிவப்பு என்றால், பழைய வழக்கப்படி முதலில் சிவப்பு வாங்கியவர் தோற்பார். இதில் மெதுவான காருக்கு எப்போதும் ஒரு பாதகம், ஏனென்றால் அவருக்குத்தான் முதலில் விளக்கு. யார் அதிகமாக முந்தினார் என்று ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்லும் முறைகள் இப்போது வந்திருக்கின்றன. எந்தக் களத்தில் எது என்பதை அன்றைய ஓட்டுநர் கூட்டத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதே களத்தில் சிலருக்கு டிலே பாக்ஸ் என்ற சின்ன மின்னணுப் பெட்டி அனுமதி. முதல் மஞ்சளிலேயே ஓட்டுநர் ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை விடுவார். பெட்டி அவர் குறித்துவைத்த நேரம்வரை காத்திருந்து காரை விடும். கடைசி மஞ்சளைவிட முதல் மஞ்சளைப் பிடிப்பது கண்ணுக்கு எளிது, நேரமும் சீராக வரும். பெட்டி இல்லாமல் வெறும் காலால் ஓடுபவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. நான் அந்தப் பிரிவு. பெட்டிக்காரர்களைப் பற்றிக் கிண்டல் செய்வது எங்கள் பொழுதுபோக்கு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டார்ட் கோட்டில் இன்னொரு கதிரும் இருக்கிறது, ஸ்டேஜ் கதிருக்கு 13 அங்குலத்துக்குச் சற்று மேல் தள்ளி. காவல் கதிர் என்று சொல்லலாம். காரின் வயிற்றில் தாழ்வாக ஏதாவது தொங்கவிட்டால், டயர் போன பிறகும் ஸ்டேஜ் கதிர் மறைந்தே இருக்கும், கடிகாரம் தாமதமாகத் தொடங்கும், ஈ.டி. அற்புதமாக வரும். அந்தத் திருட்டைப் பிடிக்கத்தான் இது. பாதை நெடுகிலும் 60 அடி, 330 அடி, 660 அடி, 1000 அடி, 1320 அடி என்று கதிர்கள் உண்டு. 1320 அடிதான் கால் மைல், அதாவது 402 மீட்டர். நான் டைம்ஸ்லிப்பை வாங்கியதும் முதலில் பார்ப்பது 60 அடி எண்ணைத்தான். ஸ்டார்ட்டில் டயர் பிடித்ததா, சுற்றியதா என்று அது சொல்லிவிடும். அங்கே பத்தில் ஒரு பங்கு வினாடி மிச்சப்படுத்தினால் கடைசியில் அதைவிட அதிகமாக மிச்சமாகும் என்பது அனுபவக் கணக்கு, எல்லா காருக்கும் பொருந்தும் சூத்திரமல்ல. பலகையில் வரும் வேகம் கடைசி 66 அடியின் சராசரி, கோட்டைத் தொட்ட கணத்தின் வேகமல்ல. டாப் ஃப்யூயல், ஃபன்னி கார் என்ற இரண்டு அதிவேகப் பிரிவுகளின் ஓட்டங்களும் 2008-இல் இங்கிலிஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா விபத்தில் இறந்த பிறகு 1000 அடிக்குக் குறைக்கப்பட்டன. ஆகவே அவற்றின் 3.7 வினாடியைப் பழைய கால் மைல் எண்களோடு ஒப்பிடாதீர்கள்.

எதை நம்பலாம், எதில் ஜாக்கிரதை வேண்டும் என்று கேட்டால்: ஒரே களத்தில், ஒரே நாளில், இரண்டு லேன்களுக்கு நடுவே யார் ஜெயித்தார் என்பதில் மூன்றாம் தசமத்தை நம்பலாம். ஆனால் ஒரு களத்தின் 0.010 ரியாக்‌ஷனையும் வேறொரு களத்தின் 0.015-ஐயும் வைத்து எந்த ஓட்டுநர் கெட்டிக்காரர் என்று முடிவு செய்வது சரியல்ல. கதிர் கால் அங்குலம் உயர்ந்திருந்தாலே ரோல்அவுட் மாறும். டயரில் காற்று மாறினாலும் மாறும். முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் வண்டியில் டயர் முன்னால் நகர்ந்து விலகுவதற்குள் மேலே எழுந்து கதிரை விட்டுவிடும், அப்போது முழு ஒரு அடியும் கிடைக்காது.

இது பைக்குகளில் அடிக்கடி நடக்கும். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் தேசிய மோட்டார்சைக்கிள் டிராக் சாம்பியன்ஷிப்பை நேரில் பார்க்கப் போனால், ஸ்டார்ட் கோட்டுக்குப் பக்கவாட்டில் இடம் பிடியுங்கள்.  பலமுறை பட்டம் வென்ற பெங்களூரு ஹேமந்த் முத்தப்பா போன்றவர்கள் கிளம்பும்போது முன்சக்கரம் தரையை ஒட்டியே போகிறதா என்று பாருங்கள். வண்டியை இழுத்துத் தாழ்த்தி, நீட்டி வைத்திருப்பதெல்லாம் அதற்காகத்தான்.

கடைசியாக, 0.000 பற்றி. பயிற்சியால் முடியுமா? ஒரு தடவை முடியும், அது பெரும்பாலும் அதிர்ஷ்டம். பயிற்சி தருவது சீர்மையை. வீட்டில் வைத்துப் பழக போர்டாட்ரீ போன்ற நிறுவனங்கள் சின்ன விளக்குக் கருவிகள் விற்கின்றன. அதில் கண் ஒரே விளக்கில் நிற்கப் பழகும். மேல் விளக்கைப் பார்த்துக் கீழே இறங்கினால் நேரம் போய்விடும். ஆனால் அந்தக் கருவிக்கு டயர் கிடையாது, ரோல்அவுட் கிடையாது, பக்கத்தில் உறுமும் எதிராளியும் கிடையாது. ஆகவே அதில் வரும் எண்ணை நேராகக் களத்துக்குக் கொண்டுபோக முடியாது. களத்தில் தொடர்ந்து 0.02-க்கும் 0.05-க்கும் நடுவே வந்தால் நீங்கள் நல்ல ஓட்டுநர். 0.000-ஐத் துரத்தினால் இரண்டுக்கு ஒன்று சிவப்பு வாங்குவீர்கள். முதல் சுற்றில் 0.06 வந்தால் அதைக் குறைக்க ஸ்டேஜ் செய்யும் இடத்தை மாற்றுங்கள், அல்லது கிளம்பும்போதுள்ள என்ஜின் வேகத்தை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். உங்கள் வீடியோவின் இணைப்பு இருந்தால் கீழே போடுங்கள். பலகையில் ரியாக்‌ஷன் டைம் ஒரு கணம் வந்து மறையும். அதை நிறுத்திப் பார்த்தால் மேலே நான் ஊகமாக வைத்த எண்களுக்குப் பதில் உண்மையான எண்களைப் போட்டுக் கணக்கைச் சரிபார்த்துவிடலாம்.